படகு ஏறுமுன் ஓர் அமீரைத் தேர்ந்தெடுப்போம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் மஹல்லாக்களில் குடும்பச் சுற்றுலாப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. தென்மாவட்டத்தார் பலர் விரும்பிச் செல்லும் இடம் கேரளத்துக் குட்டநாடு. ஃபஜ்ரு தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டு, ஆலப்புழையில் படகேறி, கைனகரி பக்கம் பம்பை ஆற்றங்கரையில் பகலுணவு உண்டு, இரவுக்குள் ஊர் திரும்புகிறோம்.

இப்பயணம் நல்லதே. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் நம் பெண்களுக்கு அது ஒருநாள் ஓய்வு. பேரப்பிள்ளைகளோடு ஒரே சஹனைச் சுற்றி அமரும் வாய்ப்பு முதியோருக்குக் கிட்டுகிறது. நீரில் செல்லும் கப்பலைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் திருமறையில் பலமுறை நினைவூட்டுகிறான்.

ஆயினும் ஒன்றை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வசூலுக்கு ஒருவர், பிரியாணிக்கு ஒருவர், வேனுக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரிக்கிறோம். படகில் அமரும் உயிர்களுக்குப் பொறுப்பாளர் யார்?

மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்தச் சுன்னத்தின் தேவை படகுத்துறையில்தான் நன்கு விளங்கும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகொன்று அளவுக்கு மீறிய ஆட்களுடன் இருட்டிய பின் சென்று கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். விடுமுறையைக் கழிக்க வந்த, நம்மைப் போன்ற குடும்பங்களே அவை.

உயிர்காப்பு உடுப்பை அணியச் சொன்னால், “புழுக்கமாக இருக்கிறது” என்கின்றனர் இளைஞர்கள். புர்காவின் மேல் அணியப் பெண்கள் கூச்சப்படுகின்றனர். “அல்லாஹ் காப்பான்” என்கின்றனர் பெரியவர்கள். அல்லாஹ்வே காப்பவன், அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. நனைந்த ஆடை கனக்கும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் உடுப்பு எவரையும் மிதக்க வைக்காது.

ஆகவே அமீரின் கடமைகள் இவை. படகின் உரிமத்தையும் அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மடியிலுள்ள குழந்தையையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும். சிறுவர்களின் அளவுக்கேற்ற உடுப்பு இல்லையேல் படகை மறுக்க வேண்டும். படம் எடுப்பதற்காக மேல்தளத்திலோ ஒரே ஓரத்திலோ கூட விடலாகாது. சூரியன் மறையுமுன் கரை சேர வேண்டும். கூட்டத்தில் மூத்தவராயினும் செல்வந்தராயினும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதே முறை.

தொழுகையும் அவர் பொறுப்பே. இத்தொலைவுப் பயணத்தில் ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வவ்வேளையில் தொழுவர். இரு சாராருக்கும் இடமளித்து நேரத்தை வகுத்தால் எவருக்கும் தொழுகை தவறாது. பெண்களுக்கும் உளூச் செய்ய மறைவான இடம் கிடைக்கும்.

உணவு முடிந்தபின் இன்னொரு கடமையும் உண்டு. குட்டநாட்டில் ஆற்றுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரப்பில்தான் மக்கள் வீடு கட்டி வாழ்கின்றனர். நாம் சஹன் விரிக்கும் கரை ஒருவரின் முற்றம். நாம் கைகழுவும் நீரில் அவர்கள் துணி துவைக்கின்றனர். மக்கள் நடக்கும் பாதையையும் ஒதுங்கும் நிழலையும் நீர்த்துறையையும் அசுத்தப்படுத்துவது சாபத்திற்குரியதென நபிமொழி எச்சரிக்கிறது. எலும்பையும் நெகிழிக் குவளையையும் பையில் கட்டி வேனுக்கே கொண்டுவருவோம்.

அமீரைத் தேர்ந்தெடுக்கச் செலவு ஏதுமில்லை. புறப்படுமுன் பள்ளிவாசல் திண்ணையில் ஐந்து நிமிடம் போதும். நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சென்றவர் அனைவரும் நலமாக இல்லம் திரும்பும் பயணங்களை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.