கடைக்கு ஒரு நம்பர்

கடைக்குப் பெயர் வைக்க நம்மவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. குலதெய்வத்தைக் கேட்க வேண்டும். பாட்டனார் பெயர் விட்டுப் போகக் கூடாது. மாமனார் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் பெயருக்குக் கீழே எழுதுகிற டெலிபோன் நம்பர்? செல்போன் கடைக்காரர் கையில் முதலில் அகப்பட்ட சிம் எதுவோ, அதுவே!

"நம்பரெல்லாம் போனிலேயே பதிந்திருக்கிறது; மனப்பாடம் எதற்கு?" என்பீர்கள். பதிந்து வைத்திருப்பவர் பழைய வாடிக்கைக்காரர். புது ஆள் வர வேண்டாமா? இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரு நம்பரைச் சொல்கிறாள். அவள் வாயில் எந்த நம்பர் வருகிறதோ, அந்த மெக்கானிக்குக்குத்தான் அன்றைய கூலி.

ஆகவே நம்பரைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாயால் சொல்லிப் பாருங்கள். 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் ஒரே சமயத்தில் நினைவில் பிடித்துக்கொள்ளக் கூடியவை சுமார் ஏழு என்றார். செல்போன் நம்பருக்குப் பத்து இலக்கம். ஏழுக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் இலக்கங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினால், கட்டுத்தான் கணக்கு. "நாற்பத்தேழு, நாற்பத்தேழு" என்று முடிகிற நம்பருக்குக் கடைசி நான்கு இலக்கமும் ஒரே கட்டு. "இருபத்தைந்து, இருபத்தாறு" என்பதும் அப்படியே.

வரிசையாக ஐந்து பூஜ்யம் உள்ள ஃபான்ஸி நம்பருக்கு மதிப்பு அதிகம். பி.எஸ்.என்.எல். இப்படிப்பட்ட நம்பர்களை ஏலம் விடுவதும் உண்டு. எனக்கென்னவோ அதில் அவ்வளவு மோகம் இல்லை. போர்டில் அழகாகத்தான் இருக்கும். போனில் அழுத்தும்போது நான்கு பூஜ்யமா, ஐந்தா, ஆறா என்று விரல் தடுமாறுமே! இன்னும் சிலர் கூட்டுத்தொகை எட்டு வந்தால் ஆகாது என்று அருமையான நம்பர்களைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளட்டும். உங்களுக்குக் கிடைக்கும்.

உள்ளூர்க் கடைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. லாண்ட்லைனை எல்லாரும் மறந்துவிட்டோம். ஊர்க் குறியீட்டின் முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்கிவிட்டால், குறியீடும் நம்பரும் சேர்ந்து பத்து இலக்கம். சென்னையில் 44 போக எட்டு. கும்பகோணத்தில் 435 போக ஏழே ஏழு. பி.எஸ்.என்.எல். நம்பரானால் அந்த ஏழும் 2-இல்தான் தொடங்கும். அடுத்த ஓரிரண்டு இலக்கங்களும் பெரும்பாலும் ஒரே பேட்டைக்குப் பொதுவாக இருக்கும். ஊர்க்காரருக்கு மிஞ்சுவது நாலைந்து இலக்கம்! தவிரவும், 0435 என்று போர்டில் கண்டால், இந்த மனுஷர் இங்கேதான் இருக்கிறார், நாளைக்குப் போனால் கடை இருக்கும் என்று ஒரு தெம்பு.

நியூயார்க்கில் பென்ஸில்வேனியா ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. அங்கே அந்நாளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பேட்டைப் பெயர். ஆகையால் ஹோட்டலின் நம்பரே "பென்ஸில்வேனியா 6-5000". 1940-இல் கிளென் மில்லர் வாத்தியக் கோஷ்டி அந்த நம்பரையே பாட்டாக்கிவிட்டது. 2020-இல் ஹோட்டலை மூடினார்கள். பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பாட்டு இன்னும் ஒலிக்கிறது.

நம் கடைகளில் நடப்பதோ வேறு கதை. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலாளியைக் கேளுங்கள். திருதிருவென்று விழிப்பார். கடைப் பையன் பெயரில் இருக்கும்; அல்லது மைத்துனர் பெயரில். பையன் எதிர்ச் சாரியில் தனிக் கடை போடும்போதோ, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதோதான் விஷயம் வெளிவரும். சரக்கைப் பிரிக்கலாம், கல்லாவைப் பிரிக்கலாம். பத்து வருஷமாக ஊர் வாயில் பழகிய நம்பரை எப்படிப் பிரிப்பது? போர்டு எழுதுவதற்கு முன்பே அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி பிடிக்கவில்லையென்றால் நம்பரை விட வேண்டியதில்லை. 2011 முதல் நாடெங்கும், அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகலாம்.

ரீசார்ஜ் செய்ய மட்டும் மறந்துவிடாதீர்கள். துண்டித்த நம்பரை 90 நாள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று டிராய் 2023-இல் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லியிருக்கிறது. தொண்ணூற்றோராம் நாள் அது யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் ரிப்பேர் என்று யாரோ ஒரு புண்ணியவானை எழுப்பிக்கொண்டிருப்பார்கள், உங்கள் வாடிக்கைக்காரர்கள்!