இருவருக்கும் ஒரே விசையா?



லிங்கித் தோட்டப்புறத்தில் நான் வளர்ந்த காலத்தில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பழைய அட்டாரிப் பெட்டி ஒன்றை என் மாமா வாங்கி வந்தார். அதில் ‘காம்பட்’ என்னும் விளையாட்டை அண்ணனும் நானும் ஆடுவோம். இரண்டு பீரங்கி வண்டிகள் ஒன்றையொன்று சுட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். எப்போதும் அண்ணனே வெல்வார். சில வாரங்களில் நான் ஆடுவதையே நிறுத்திவிட்டேன். “அவளுக்கு இதெல்லாம் வராது” என்று வீட்டில் முடிவு கட்டினர். நானும் அதை நம்பிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்தே அவ்விளையாட்டைப் பற்றிப் படித்தறிந்தேன். 1977-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் தன் கருவியோடு சேர்த்து வெளியிட்ட விளையாட்டு அது. இருவர் இருந்தால்தான் ஆட முடியும். இரண்டே கிலோபைட் அளவுள்ள நிரலுக்குள் 27 ஆட்ட வகைகளை அடக்கியிருந்தனர். சிலவற்றில் குண்டு சுவரில் பட்டுத் தெறிக்கும். சிலவற்றில் வண்டிகள் கண்ணுக்குப் புலப்படா. சுடும்போதோ அடிபடும்போதோ சுவரில் மோதும்போதோதான் தோன்றும். வேறு சிலவற்றில் வண்டிகளுக்குப் பதிலாக வானூர்திகள் வரும். ஒரு வகையில் தோற்பவர் இன்னொரு வகையில் வெல்லக்கூடும்.

இதைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பெட்டியில் தனித்தனியே ஒரு விசை உண்டு. வல்லவர் தம் விசையை மாற்றி வைத்தால் அவருடைய குண்டு குறைந்த தொலைவே செல்லும். வானூர்தியாயின் அதன் வேகமும் குறையும். எளியவரின் விசை அப்படியே இருக்கும். புள்ளிக் கணக்கில் மாற்றமில்லை. எங்கள் பெட்டியின் பின்புறத்திலும் அவ்விசைகள் இருந்தன. அவை எதற்கென்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

என் பாட்டிக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. பல்லாங்குழியில் தோற்றவரிடம் கொட்டைகள் குறைந்துவிட்டால், நிரப்ப முடியாத குழிகளை ஒதுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவது பொதுவான முறை. தோற்றவருக்கு அது மேலும் கடினம். பாட்டியோ தம் புளியங்கொட்டைகளையே எனக்குக் கடனாகத் தந்து ஏழு குழிகளையும் நிரப்பச் செய்வார். “நீ எழுந்து போய்விட்டால் நான் யாரோடு ஆடுவது?” என்பார்.

ஆனால், ஆசிரியரான பின் நான் செய்ததென்ன? மூன்றாம் ஆண்டு வகுப்பில் அனைவருக்கும் ஒரே பயிற்றியைக் கொடுத்தேன். முதலில் முடித்தவரைப் பாராட்டினேன். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் பனுவலைப் பார்க்காமலேயே, “எனக்கு வராது, டீச்சர்” என்றான். அது என்னுடைய பழைய சொல்.

மறுநாளிலிருந்து அவனுக்கு எட்டு வரிப் பனுவலுக்குப் பதிலாக மூன்று வரிகள் கொடுத்தேன். விரைந்து வாசிப்போர் அதே கதையை முடிவிலிருந்து தொடக்கத்திற்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் இன்னும் சரளமாக வாசிக்கவில்லை. ஆயினும், இப்போது கை உயர்த்துகிறான்.

“என் பிள்ளைக்கு மட்டும் ஏன் எளிய பயிற்றி?” என்று சில பெற்றோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. எளிய பயிற்றியே ஒரு பிள்ளைக்கு நிலையான முத்திரையாகிவிடக் கூடாது. விசை என்பது திருப்பி வைப்பதற்கும் உரியது. மூன்று வரி வாசித்தவனுக்கு அடுத்து ஐந்து வரி கொடுக்க மறந்தால், அந்தப் பிழை ஆசிரியருடையது.

குறைநீக்கல் போதனை, வளப்படுத்தும் போதனை என்று பயிற்சிக் காலத்தில் படித்தோம், பாடக்குறிப்பிலும் எழுதுகிறோம். எழுதியதை வகுப்பில் செய்கிறோமா? நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. அதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். பத்துப் பேர் கொண்ட வகுப்பில் பத்து விசைகளையும் ஓர் ஆசிரியர் அறிந்து வைத்திருக்க முடியும்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் இரு பிள்ளைகளும் எந்த விளையாட்டை ஆடினாலும் சற்று அருகில் அமர்ந்து பாருங்கள். எப்போதும் ஒருவரே தோற்கிறாரெனில், விதியை மாற்றி ஆடச் சொல்லுங்கள். தோற்கும் பிள்ளை எழுந்து போகும் முன் அதைச் செய்யுங்கள்.