பேரிங் போனால் பேரிங்கை மாற்று!

காரை ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெள்ளத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு மேலிருந்து 'டொங்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டொங்'. வருகிறதா? தெருமுனையில் வளைந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் சண்டித்தனம் பண்ணுகிறதா? அப்படியானால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒரு தம்பி, 'ஸ்ட்ரட் அசெம்ப்ளியே போச்சு சார், ரெண்டு சைடும் மாத்திடலாம்' என்று எஸ்டிமேட்டை நீட்டுவார்.

போயிருப்பது பெரும்பாலும் அசெம்ப்ளி இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பேரிங்.

விஷயம் இதுதான். இன்று நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர் யோசித்தது. 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சலில் வந்தது. 1983-ல் மாருதி 800 மூலம் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்து ஒரே தூண். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு சேர்ந்து இந்தத் தூணும் திரும்புகிறது. ஆனால் தூணின் உச்சி காரின் பாடியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பாடி திரும்பாது, தூண் திரும்பியாக வேண்டும். நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் சமாதானம் பண்ணிவைப்பது அந்தப் பேரிங். காரின் அந்த மூலை எடையைத் தலையில் சுமந்துகொண்டே இதைச் செய்கிறது, பாவம்.

அம்பாசடரில் வேறு ஏற்பாடு. அங்கங்கே நிப்பிள் இருக்கும், கன்னை வைத்து கிரீஸ் அடித்தால் ஆச்சு. இந்த பேரிங்குக்கு அதெல்லாம் கிடையாது. மூடி சீல் பண்ணியது. மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டால் கிரீஸ் கரைந்து, துரு பிடித்து, இறுகிப்போகும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் கூடவே திரும்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு, தாங்காமல் ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடுகிறது. அந்த 'டொங்' அதுதான். இதனால் மட்டும் சக்கரம் கழன்று ஓடிவிடாது. யாராவது அப்படிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதற்காக வருஷக்கணக்கில் இழுத்தடிக்கவும் கூடாது. நேருக்கு வராத ஸ்டியரிங் நெடுஞ்சாலையில் நல்லதல்ல.

சின்னக் கார்களுக்கு இந்த பேரிங் சில நூறு ரூபாய். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு ஏன் எல்லோரும் அசெம்ப்ளி, அசெம்ப்ளி என்கிறார்கள்?

கம்பெனிகள் மேல் பழி போடுவது சுலபம். போடவும் வேண்டும். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பூட்டிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, அது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் உங்கள் டொங்கை இணையதளம் வந்து கழற்றாது.

கசப்பான பாதி இனிமேல்தான். இந்த அசெம்ப்ளி வியாபாரத்தில் நீங்களும் பார்ட்னர்.

பேரிங் சின்னது, வேலை பெரிது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஓஸை விடுவித்து, ஸ்ட்ரட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். கம்ப்ரஸர் மாட்டி ஸ்பிரிங்கை அமுக்கின பிறகுதான் உச்சி நட்டைத் தொட வேண்டும். அமுக்காமல் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும். முகவாய் போகலாம், உயிரும் போகலாம். கயிறு கட்டி, கம்பி சுற்றி இந்த வேலையைச் செய்கிற பட்டறைகளையும் பார்க்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அரை நாள் வேலை.

இந்த அரை நாளுக்கு, கற்ற வித்தைக்கு, மெக்கானிக் கூலி கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? 'என்னப்பா, முன்னூறு ரூபா பேரிங் மாட்ட ரெண்டாயிரமா? அநியாயமா இருக்கே!' அதே ஆள் பளபள டப்பாவில் எட்டாயிரம் ரூபாய் அசெம்ப்ளியைக் காட்டினால் வாயைத் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறோம். டப்பாவுக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்று அவருக்கு நாம்தான் பாடம் நடத்தினோம். அவர் படித்துக்கொண்டார். கூலியில் கிடைக்காததைப் பொருளின் கமிஷனில் எடுத்துக்கொள்கிறார். விளைவு, பட்டறையில் சேரும் பையன் கழற்றி மாட்டத்தான் கற்கிறான். எது போச்சு, எது நல்லா இருக்கு என்று கண்டுபிடிக்கக் கற்பதில்லை. அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லையே!

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதே கூலியில் முடிகிற வேலை. மேலே இருக்கும் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் அதுவும் அப்படியே. மெக்கானிக் அதைச் சொன்னால் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். கசிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கு முன் இலவச சோதனை ஒன்று. வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, ஓடுகிற ஃபேன் பக்கம் கையை விடாமல், ஸ்ட்ரட்டின் உச்சியில் லேசாக விரலை வையுங்கள். சில கார்களில் அது மூடியிருக்கும், மூடியின் மேலேயே வைக்கலாம். 'டொங்' வரும்போது விரலில் உதைத்தால் சந்தேகம் பேரிங் மேல். உதைக்காமல் கீழேயிருந்து சத்தம் வந்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் என்று வேறு சந்தேகக் கேஸ்கள் இருக்கின்றன.

கூலியை முன்பே பேசி, பேரம் பண்ணாமல் கொடுங்கள். பழைய பேரிங்கைக் கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கையில் வைத்துச் சுற்றினால் மணல் அரைகிற மாதிரி கரகரக்கும், அல்லது சுற்றவே சுற்றாது. வழவழவென்று சுற்றினால் உள்ளே போய் இன்னொரு தடவை பேசுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டியதால் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். அதற்குத் தனி பில்.