மேலே கார் போகட்டும், கீழே பஸ்ஸுக்கு வழி விடுங்க!



கோவை அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாச்சு. செலவு 1,791 கோடி ரூபாய். ஜி.டி. நாயுடு பேரை வச்சிருக்காங்க. ஊருக்குப் பெருமை சேர்த்த மனுஷன், சந்தோஷம்தான். ஆனா ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? அவர் 1920ல் தொழிலை ஆரம்பிச்சதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான். அது வளர்ந்துதான் யு.எம்.எஸ். பஸ் கம்பெனி ஆச்சு. பஸ் ஓட்டி முன்னுக்கு வந்தவர் பேரு இருக்கிற பாலத்தில் டவுன் பஸ்ஸுக்கு வேலையே இல்ல. லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ்னு ஸ்டாப் எல்லாம் கீழேதானே இருக்கு!

பாலமே கூடாதுன்னு சொல்ல வரல. ஏர்போர்ட் போறவங்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நேரம் மிச்சம். கட்டினதை இடிக்கவா போறோம்? நம்ம கேள்வி வேற. காரெல்லாம் மேலே போகட்டும்னுதானே இவ்வளவு பணம் போட்டீங்க. அப்போ கீழே கிடைச்ச இடம் யாருக்கு?

யாருக்குன்னு இப்பவே முடிவு பண்ணலைன்னா அதுவும் வண்டிகளால் நிரம்பிடும். ரோட்டை அகலமாக்கினா கொஞ்ச நாள் காத்தாடும், அப்புறம் "இப்ப ஈஸியா போகலாம்"னு இன்னும் நாலு பேர் வண்டியை எடுப்பாங்க. காந்திபுரத்தில் ரெண்டடுக்குப் பாலம் நிக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதுக்குக் கீழே போய் நின்னு பாருங்க, நான் சொல்றது புரியும்.

அதனால நம்ம கோரிக்கை இதுதான். பாலத்துக்குக் கீழே, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லேனை உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பஸ்ஸுக்கு மட்டும்னு ஒதுக்குங்க.

இது பஸ்ஸில் போறவங்க மேல பரிதாபப்பட்டுச் செய்யற தர்மம் இல்ல, சுத்தமான கணக்கு. ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் எடுக்கிற பஸ் 12 மணி நேரத்தில் 12 நடை போகும். அதே பஸ் சிக்னல்லயும் நெரிசல்லயும் மாட்டாம 45 நிமிஷத்தில் முடிச்சா 16 நடை. அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர். புதுசா ஒரு பஸ் வாங்காமலே மூணு பஸ் ஓடுற இடத்தில் நாலு பஸ் ஓடுற மாதிரி ஆயிடுது. புது பஸ் வேண்டாம்னு அர்த்தம் இல்லீங்க. ஒரு டீசல் டவுன் பஸ் ஒரு கோடின்னு தாராளமா வச்சாலும், இந்தப் பாலத்துக்கு ஆன காசுக்கு 1,791 பஸ் வாங்கலாம். "வாங்கலாம், ஓட்டுற செலவு யார் தர்றது?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பாலம் கட்டும்போது மட்டும் "இது எப்ப லாபம் தரும்?"னு யாரும் கேக்கலையே?

இதில் அடிபடறது யாருன்னு பாருங்க. 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்ல. யார் கொண்டுவந்திருந்தாலும் நல்ல திட்டம், அதை நாம குறை சொல்லப் போறதில்ல. ஆனா டிக்கெட் இலவசம், காத்திருக்கிற நேரம் இலவசமா? கிராஸ் கட் ரோடு, ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடைகளில் நாள் பூரா நின்னு வேலை பார்த்த பொண்ணுங்க ராத்திரி கடை சாத்தினதும் ஸ்டாப்பிலயும் நிக்கணும். கடைசி பஸ் போயிட்டா ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லைன்னா அண்ணனுக்கோ புருஷனுக்கோ போன். அதனாலதான் வீட்டுக்கு வீடு ரெண்டாவது வண்டி, அதுக்கு ஒரு தவணை. பெட்ரோல், தவணை, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டிப் பாருங்க. பஸ் ஒழுங்கா வராததுக்கு நம்ம ஜனங்க மாசாமாசம் கட்டுற வரி அது.

"முதல்ல மெட்ரோ வரட்டும்"னு சிலர் சொல்றாங்க. 20 லட்சம் மக்கள்தொகை இல்லைன்னு சொல்லி 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவைத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிருச்சு. 2011 கணக்கெடுப்பை வச்சுக்கிட்டு இன்னிக்கு ஊரை அளக்கிறது அநியாயம், அதை எதிர்த்துப் பேசத்தான் வேணும். ஆனா நாளைக்கே அனுமதி கொடுத்தாலும் ரயில் ஓட வருஷக்கணக்காகும். பஸ் லேனுக்கு வேணுங்கிறது பெயிண்ட், தடுப்புக்கல், கேமரா, கொஞ்சம் துணிச்சல். வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர்னு ஊருக்குள்ளேயே தண்டவாளமும் ஸ்டேஷனும் ஏற்கெனவே இருக்கு. அதில் உள்ளூர் ரயில் விடச் சொல்லிக் கேக்கறதுக்கு மக்கள்தொகைக் கணக்கு எதுக்கு?

டெல்லியில் பஸ் லேன் தோத்துப்போச்சேன்னும் சொல்லுவாங்க. ஆமா, 2016ல் எடுத்துட்டாங்க. ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு துண்டை மட்டும் போட்டு, பாதுகாக்காம விட்டா எந்த ஊரிலும் அதான் நடக்கும். அகமதாபாத்தில் 2009ல் ஆரம்பிச்சது இன்னிக்கும் ஓடுது. அங்கேயும் நடைபாதை சரியில்லைன்னு குறை உண்டு. அதிலிருந்து நாம கத்துக்கணும்.

ஏன்னா பஸ் பயணம் ஸ்டாப்பில் ஆரம்பிக்கிறதில்ல, வீட்டு வாசல்ல ஆரம்பிக்குது. பீளமேட்டில் காலேஜ் பசங்களும், ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரியவங்களும் இத்தனை அகல ரோட்டைக் கடக்க நல்ல சிக்னல் வேணும். படியேறிக் கடக்கிற நடைமேம்பாலம் முழங்கால் வலிக்காரங்களுக்கு ஆகாது. நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், பைக், பேனர், கொடிக்கம்பம் எதுவும் வேண்டாம். நம்ம கொடிக்கம்பமா இருந்தாலும் சரி! தோழர்கள் இதை மனசில் வைங்க.

அடுத்து நடக்கிற ஏரியா சபைக் கூட்டத்துக்குத் தவறாம போங்க. பாலம் கேக்காதீங்க, பஸ் லேன் கேளுங்க. மனுவுக்கு விவரம் சேர்க்கிறோம். உங்க ஸ்டாப் எது, அங்கே கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நேத்து எவ்வளவு நேரம் நின்னீங்க, இந்த மூணையும் கீழே எழுதுங்க. அம்மா, அக்கா, தங்கச்சிகிட்டயும் கேட்டு எழுதுங்க.