ஜன்னலைத் திறந்த பூனை



பேத்திக்கு லீவு. வீட்டில் நாள் முழுக்கக் கார்ட்டூன் படம்தான். கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தப் படங்களில் ஓரமாக வந்துபோகும் பூனைகளைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

1940-இல் வந்த பினோக்கியோவில் கெப்பெட்டோ தாத்தா வளர்க்கும் குட்டிப்பூனை ஃபிகரோ. தாத்தா படுத்த பிறகுதான் ஜன்னலைத் திறக்க மறந்தது அவருக்கு ஞாபகம் வரும். எழுந்து போவாரா? ஃபிகரோவைத்தான் அனுப்புவார். அது சிடுசிடுத்துக்கொண்டே போய்த் திறக்கும். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் நட்சத்திரத்தைப் பார்க்கிறார், பொம்மை நிஜப் பையனாக வேண்டும் என்று கேட்கிறார், தேவதை வருகிறாள். பூனையைப் பிறகு யார் நினைக்கிறார்கள்?

1961-இல் வந்த நூற்றியொரு டால்மேஷன்ஸில் சார்ஜென்ட் டிப்ஸ் என்றொரு பூனை. அதன் மேலதிகாரி கர்னல், காது மந்தமான கிழட்டு நாய். ஆபத்தான வீட்டுக்குள் நுழைவது பூனைதான். திருடர்கள் டிவியில் மூழ்கியிருக்க, 99 குட்டிகளையும் சுவர் ஓட்டை வழியாக அந்த அறையிலிருந்து வெளியேற்றுகிறது. ஆனால் அந்த 101 கணக்கில் அது சேர்த்தியில்லை!

ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்ற பிள்ளையின் அம்மா, "ஒரு வசனம்கூட இல்லையே டீச்சர்" என்று வருவார். அந்த அம்மாக்களுக்கு டிப்ஸைக் காட்டியிருக்கலாம்.

ஓரத்தில் நல்லது மட்டும் இருப்பதில்லை. 1955-இல் வந்த லேடி அண்ட் தி டிராம்ப் படத்தில் இரண்டு சயாமியப் பூனைகள் வீட்டைச் சூறையாடும், பழி நாய்மேல் விழும். அதுகூடப் பரவாயில்லை. சாய்ந்த கண், துருத்திய பல், கொச்சை ஆங்கிலம் என்று கிழக்காசிய மக்களைக் கேலி செய்யும் விதமாக அவற்றை வரைந்தார்கள். 2019-இல் மறுபடி எடுத்தபோது அந்தப் பூனைகளையும் பாட்டையும் மாற்றிவிட்டார்கள். பழைய படத்துக்கு டிஸ்னியே பின்னாளில் ஓர் எச்சரிக்கை சேர்த்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத நாலு வயசுப் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

"கார்ட்டூன் பூனைதானே, விடுங்க" என்பார்கள். நான் விடமாட்டேன். கதாநாயகன் செய்வது சரியா தப்பா என்று பிள்ளை நம்மிடம் கேட்கும். ஓரத்தில் வருவதைக் கேட்காது, உலகம் இப்படித்தான் என்று அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள் என்கிறேன். தினமும் முடியாது, தெரியும். வாரத்துக்கு ஒரு படமாவது பக்கத்தில் உட்காருங்கள்.

பினோக்கியோவில் ஆரம்பிக்கலாம். முடிந்ததும், "ஜன்னலைத் திறந்தது யார்?" என்று கேட்டு, வந்த பதிலைக் கீழே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் மார்க் குறைக்கமாட்டேன்.