அங்கீகாரம் யாசகமல்ல! ஆனால் கேட்காமல் கிடைப்பதுமல்ல!



ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்ரீவைகுண்டத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். பளபளக்கும் காகிதம், தங்க நிற முத்திரை, 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற தடித்த எழுத்து. இரண்டு வருடப் படிப்பு. வாப்பாவுக்கு ஏரல் கடைவீதியில் சிறு கடை. கடன் வாங்கிக் கட்டிய கட்டணம். வேலைக்குப் போன இடத்தில் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: செல்லாது!

"எந்தத் துறையின் அங்கீகாரம்? ஆணை எண் என்ன? சேரும்போது கேட்டீர்களா தம்பி?" என்றேன்.

"கேட்கவில்லை ஹஜ்ரத்" என்று தலை குனிந்தார்.

தலை குனிய வேண்டியவர் அவரா? ஏமாற்றியவர்களும், கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகளும், எச்சரிக்காத நாமும் அல்லவா குனிய வேண்டும்!

சகோதரனே, இதை மனதில் பதித்துக்கொள். அறக்கட்டளையைப் பதிவு செய்த எண் அங்கீகாரம் அல்ல. ஐ.எஸ்.ஓ. சான்று அங்கீகாரம் அல்ல. அமைச்சர் ரிப்பன் வெட்டிய புகைப்படம் அங்கீகாரமே அல்ல. பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் வரையறுத்துவிட்டது. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம் இவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை. ஆசிரியர் பயிற்சி என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார். பொறியியல் என்றால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்பதையும் பார். ஒரு படிப்புக்குப் பெற்ற அனுமதியைக் காட்டி நான்கு படிப்புகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆட்சியாளர்களிடம் கேட்போம். சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு உரிமை தந்திருக்கிறது. அது சலுகையா? பிச்சையா? 1958லேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், 'உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கீகாரம்' என்று அரசு நிபந்தனை போட முடியாது என உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2002ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து இந்த உரிமையை மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். பிறகு ஏன் நம் கோப்புகள் மேஜைக்கு மேஜை தவம் கிடக்கின்றன? ஒரு சான்று கொண்டுபோனால் இன்னொரு சான்று கேட்பது ஏன்?

இதற்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது, நாம்தான் அருந்துவதில்லை. 2004ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் கல்வி நிறுவன ஆணையச் சட்டத்தின்படி, நிறுவனம் தொடங்கத் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பித்து 90 நாட்களுக்குள் சான்று தரப்படாவிட்டால் அது வழங்கப்பட்டதாகவே கருதப்படும். மறுத்தால் ஆணையத்தில் முறையிடலாம். இது முதல் வாசல்தான், முழு அங்கீகாரம் அல்ல. ஆனால் அந்த வாசலைத் தட்டிய மஹல்லாக்கள் எத்தனை?

அதேநேரம், எல்லா நிபந்தனையும் சதி என்று கூச்சலிடுவதும் தவறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூரையில் பற்றிய தீ 94 பிஞ்சுகளைக் கருக்கியதே, மறந்துவிட்டோமா? கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகிய நான்கும் நம் பிள்ளைகளின் உயிருக்குக் காவல். அவற்றில் விலக்குக் கேட்கும் நிர்வாகம் சமுதாயத்துக்கு எதிரி. அந்தத் தீக்குப் பிறகு பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் என்று பள்ளிக்கு நில அளவு வகுத்தார்கள். தாமிரபரணி நஞ்சைக்கு நடுவே 3 ஏக்கருக்கு எங்கே போவது என்று வாதாடலாம், வழக்காடலாம். தீயணைப்புச் சான்றுக்கு எதிராக வாதாட யாருக்கும் வாய் வரக்கூடாது.

வணிகப் பெருமக்களே! திறப்பு விழாப் பந்தலுக்குத் தருகிறீர்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கத் தருகிறீர்கள். கோப்பைக் கவனிக்க ஒரு வழக்கறிஞருக்கும் ஓர் எழுத்தருக்கும் சம்பளம் தர மட்டும் மனம் வருவதில்லையே! 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை எழுப்பியவர்களும் வணிகர்கள்தாம். பணமும் தந்தார்கள், பல்கலைக்கழகத்தின் இணைவையும் பெற்றார்கள். இதே ஸ்ரீவைகுண்டத்தில் குமரகுருபரர் பெயரில் கல்லூரி நடத்துகிறது திருப்பனந்தாள் காசி மடம். அண்டை வீட்டாரிடம் கற்பதில் என்ன கூச்சம்?

அலிகரைப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, எனவே முஸ்லிம்கள் நிறுவியதல்ல என்று 1967ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று 7 நீதிபதிகளில் 4 பேர் அந்தத் தீர்ப்பைத் தள்ளினார்கள். யாருடைய எண்ணம், யாருக்காக, யார் நிலமும் பணமும் தந்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அலிகர் அதில் தேறுகிறதா என்பதை இன்னோர் அமர்வுக்கு விட்டார்கள். நமக்கு என்ன பாடம்? இன்று நீங்கள் எழுதும் தீர்மானப் புத்தகமும் நன்கொடை ரசீதும் நாளை உங்கள் பேரனின் சாட்சி! அவற்றைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள்.

என் வர்க்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. நானும் மதரஸாவில் ஓதி ஸனது வாங்கியவன்தான். அது மிம்பருக்குப் போதும். அரசாங்கப் படிவத்துக்குப் போதாது. 2024 நவம்பர் 5 அன்று உத்தரப் பிரதேச மதரஸா சட்டம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றமே, அதன் காமில், ஃபாஸில் பட்டங்கள் மானியக்குழுச் சட்டத்துக்கு முரண் என்று நீக்கியது. மதரஸா நிர்வாகிகளே, ஓதும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகவாவது எழுத வையுங்கள். ஆலிமின் கையில் இரண்டு காகிதம் இருந்தால் மார்க்கம் குறைந்துவிடாது.

இளைஞனே! உன் மஹல்லாவில் மூன்று பேர் சேருங்கள். சுற்றுவட்டாரத்தில் ஆள் சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆணையின் நகலைக் கேளுங்கள். காட்டினால் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். காட்ட மறுத்தால் அதையும் எழுதி ஒட்டுங்கள்!

அடுத்த ஜூன் மாதம் இன்னொரு தம்பி அந்தக் கவரோடு என் முன்னால் வந்து நிற்கக்கூடாது. வல்ல அல்லாஹ் நமக்கு விழிப்பைத் தருவானாக!