ஏழு விநாடிப் பாடம்

நம்ம மக்களுக்கு ஒரு வியாதி உண்டுங்க. அபாகஸ் வகுப்புக்குக் கேட்ட காசைக் கொடுப்பாங்க. பிள்ளை கம்ப்யூட்டரில் விண்கலம் ஓட்டினா மட்டும் "வெட்டி வேலை"ம்பாங்க. ஊரை விட்டு வந்து இந்தக் கொச்சங்காடியில் குடியிருக்கிற நாமளும் இதுல விதிவிலக்கில்லை.

2014-ல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டையே எடுத்துக்குங்க. முழு வேகத்துல போனா விண்நிலையத்தைத் தாண்டிப் போயிடுவோம், சுத்திக்கிட்டுதான் திரும்பணும். போய்ச்சேர 7 விநாடின்னு திரை காட்டும்போதே வேகத்தை முக்காலாக் குறைக்கணும். அப்புறம் அந்த ஏழு அப்படியே நிற்கும், தூரம் மட்டும் சுருங்கும். மட்டாஞ்சேரியில் துறைக்கு முன்னாடியே எஞ்சினைத் தணிக்கிற படகுக்காரரைக் கேளுங்க, இது வெட்டி வேலையான்னு.

இஸ்ரோவும் இதைத்தான் செஞ்சாங்க. ஸ்பேடெக்ஸ் விண்கலங்கள் ரெண்டும் 2025 ஜனவரி 12-ல் 3 மீட்டர் வரைக்கும் நெருங்கின. உடனே இணைச்சுடலை, பின்வாங்கி, தரவுகளை அலசி, 16-ம் தேதிதான் இணைச்சாங்க. அந்தப் பொறுமையை எந்த ட்யூஷன்ல விக்கிறாங்க?

விளையாட நேரக் கட்டுப்பாடு வைங்க, வேணாங்கலை. ஆனா பிள்ளை நிலையத்தைத் தாண்டிப் போறப்போ "இப்படி ஓட்டுடா"ன்னு மவுஸைப் பிடுங்காதீங்க. நாலு தடவை தாண்டினாத்தான் அஞ்சாவது தடவை எங்கே குறைக்கணும்னு கைக்குத் தெரியும்.